பச்சிலையின் மரண விசாரணை

பச்சிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் செத்துப்போனாள். அவளுக்காகக் கண்ணீர் விட்டிருக்க வேண்டியவள் என் மனைவி. அவளோ நாற்காலியைச் சத்தம் வரத் தள்ளிவிட்டு எழுந்து, மாடிப்படி இறங்கிக் கீழே எங்கள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பச்சிலை நிஜ ஆள் இல்லை. எங்கள் வீட்டு மாடியில், அண்ணனும் அண்ணியும் குடியிருக்கும் பகுதியில், ஞாயிறுதோறும் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் ஆடும் ஆட்டத்தில் வருகிறவள். தெரியாதவர்களுக்காக அந்த ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் உலகத்தைச் சொல்வார்: இங்கே ஒரு நிலவறை, இடப்பக்கம் இடிந்த கதவு, உள்ளே இருட்டு. மற்றவர்கள் ஆளுக்கொரு வேடத்தை எடுத்துக்கொண்டு அந்த உலகத்துக்குள் இறங்குவார்கள். என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்ட வேண்டும். பாம்பு, பேய், பொறி, புதையல் எல்லாம் உண்டு.

எங்கள் மேசையில் சாவும் உண்டு. இப்போது புதிதாக வந்திருக்கும் விதிகளில் ஆள் அவ்வளவு லேசில் சாக மாட்டான். விழுவான், மயங்குவான், கொஞ்ச நேரத்தில் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். அண்ணி வைத்திருப்பது பழைய விதி. அதில் பகடை ஒருமுறை தப்பாக விழுந்தால் ஆள் காலி. எத்தனை மாதம் வளர்த்த ஆளாக இருந்தாலும் அந்த ஆளின் விவரம் எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

உலகத்தைச் சொல்கிறவர் அண்ணி. லிஃப்ட்டுகளைச் சோதனை போடுவது அவருடைய உத்தியோகம். டார்ச்சை எடுத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குக் கீழே இருக்கும் குழிக்குள் இறங்குவார், கம்பி தேய்ந்திருக்கிறதா, கதவு சரியாகப் பொருந்துகிறதா என்று தடவிப் பார்ப்பார். எங்காவது விபத்து நடந்தால் விசாரணைக்கும் போவார். அந்த வேலையைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு எண்ணம் ஊறிப்போயிருந்தது. எந்தச் சாவும் சொல்லாமல் வராது. கம்பி அறுவதற்கு முன்னால் முனகும், கதவு கழல்வதற்கு முன்னால் உதறும். காதும் கண்ணும் திறந்திருந்தவன் பிழைத்துக்கொள்வான்.

அதனால் எங்கள் மேசையில் ஒரு வழக்கம் வந்தது. யாருடைய ஆளாவது செத்தால் உடனே விசாரணை. “எந்த இடத்துல விட்ட?” என்று அண்ணி கேட்பார். செத்தவர் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். தரையைத் தட்டிப் பார்க்காமல் கால் வைத்தேன், தூங்கும் பூதத்தின் பக்கத்தில் தும்மினேன், இந்த மாதிரி. சொன்னதும் நாங்கள் கைதட்டுவோம், பிஸ்கட் தட்டு அவர் பக்கம் நகரும், புது ஆளுக்குப் பகடை உருட்டலாம். ஒப்புக்கொள்ளாதவரை புது ஆள் கிடையாது.

இதில் அதிகம் பிஸ்கட் தின்றவர் தையல்காரர். அண்ணனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி, அண்ணியைத் தங்கச்சி என்பார். அவருடைய முதல் ஆளின் பெயர் வீரன். வீரன் செத்ததும் பழி வாங்க வீரனின் தம்பி வந்தான். பிறகு சித்தப்பா மகன், பிறகு மாமன் மகன். அந்தக் குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் தீர்ந்துபோய், இப்போது வீரனின் சகலை வரைக்கும் வந்திருக்கிறது. துணி கெட்டுப்போனால் வேறு துணி வெட்டிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

அண்ணன் இதற்கு நேர் எதிர்க்கட்சி. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். கற்றுக்கொடுக்கிறவர் காலுக்கு அடியிலும் ஒரு பிரேக் இருக்கும் வண்டி அது. ஆட்டத்திலும் அப்படி ஒரு இரண்டாவது பிரேக் வேண்டும், பகடை ஆளைக் கொல்லப்போகும்போது அண்ணி அதை மிதிக்க வேண்டும் என்பது அவர் வாதம். ரெண்டாவது பிரேக் இருக்கிறது என்று தெரிந்தவன் முதல் பிரேக்கை மிதிக்கவே மாட்டான் என்பது அண்ணியின் பதில். இந்தச் சண்டை சாப்பாட்டு மேசை, மாடிப்படி, கடைத்தெரு என்று எங்கும் தொடரும். வெளியார் கேட்டால் புருஷன் பெண்டாட்டி வண்டி வாங்குவதைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள் என்று நினைப்பார்கள்.

நான் வரைபடக்காரன். பல் மருத்துவர்களுக்கு அச்சிலிருந்து பல் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை பார்ப்பதால் கை நடுங்காது என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அண்ணி சொல்லச் சொல்ல நிலவறையைக் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொண்டே போவேன்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பச்சிலை அவளுடைய வைத்தியச்சி. இரண்டு வருஷத்துக்கு மேலாக உயிரோடு இருந்தவள், எங்கள் மேசையிலேயே மூத்தவள். தையல்காரரின் ஆட்கள் பலரைச் சாவின் வாசல் வரைக்கும் போய் இழுத்து வந்தவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒரு மரப்பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தோம். பித்தளைப் பட்டை போட்ட பெரிய பெட்டி என்று அண்ணி வர்ணிக்கத் தொடங்கியபோது அவருக்குப் போன் வந்தது. எங்கேயோ இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. யாரைக் கூப்பிட வேண்டும், எந்த சுவிட்சைத் தொடக்கூடாது என்று பால்கனியில் நின்று சொல்லி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “ம், பெட்டி. யார் என்ன பண்றீங்க?” என்றார்.

என் மனைவி சொன்னாள், பெட்டியைச் சுற்றி வருகிறேன், கீல்களைப் பார்க்கிறேன், மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் மெல்லிய தகட்டை விட்டு ஏதாவது கம்பி இழுபடுகிறதா என்று பார்க்கிறேன். பிறகு திறக்கிறேன்.

பூட்டுக்குள்ளிருந்து விஷ ஊசி பாய்ந்தது. விஷத்தைத் தாங்குகிறாளா என்று பகடை உருட்டினாள். தாங்கவில்லை. தையல்காரர் தலையிலிருந்து இல்லாத தொப்பியைக் கழற்றினார்.

அண்ணி வழக்கம்போலக் கேட்டார். என் மனைவி பச்சிலையின் தாளை மடித்து வைத்தாள். அண்ணி விடவில்லை, பூட்டைப் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எல்லோரும் சொல்வதுதானே என்றார். தையல்காரர் பிஸ்கட் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

“நான் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தேன்க்கா.”

“பார்த்திருந்தா செத்திருக்க மாட்டாளே. கவனக்குறைவுதான். சொல்லிட்டு அடுத்த ஆளப் போடு.”

அப்போதுதான் நாற்காலி சத்தம் போட்டது. படியில் இறங்கும்போது அவள் திரும்பிச் சொன்னது, “கவனமா இருக்கிறவங்களும் சாகறாங்கக்கா. நீங்க லிஃப்ட்டுக்குள்ளதான் பார்க்கிறீங்க. நான் தினம் கட்டில்ல பார்க்கிறேன்.”

இதில் அண்ணிக்குத் தெரியாத விஷயம் ஒன்று எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வாரம் அவளுடைய வார்டில் ஒரு பெரியவர் ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தார். முதல் ஊசி போடும் முன் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று நர்ஸ் கேட்டு எழுத வேண்டும். பெரியவரின் தாளில் “இல்லை” என்று என் மனைவியின் கையெழுத்தில் இருந்தது. ஊசி போட்டாள். சற்று நேரத்தில் பெரியவருக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடைத்து, தீவிரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் தப்பிவிட்டது. ஆனால் அவருடைய மகள் வந்து, அப்பாவுக்கு இந்த மருந்து ஆகாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், இங்கே யாரும் கேட்கவில்லை, கேட்காமலே எழுதிவிட்டார்கள் என்று புகார் கொடுத்துவிட்டாள்.

விசாரணை வைத்தார்கள். தலைமை நர்ஸ் தங்கமானவர். அவரே என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, அவசரத்தில் கேட்க விட்டுப்போச்சு, கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு, எச்சரிக்கையோடு முடித்துவிடுகிறேன், இழுத்தால் உனக்குத்தான் கஷ்டம் என்று சொல்லியிருந்தார்.

அவளை அரித்தது எச்சரிக்கை இல்லை. பெரியவரிடம் கேட்டோமா என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. எல்லோரையும் கேட்பவள். கேட்காமல் எழுதும் சிலரைத் திட்டுபவள். ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக் கேட்டது மட்டும் மனதில் இல்லை. நான் கேட்கலையோ, கேட்காமலே எழுதிட்டேனோ என்று சமையலறையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தால் அவளே அதை நம்பத் தொடங்கிவிடுவாள் என்று எனக்குப் பயம். அதற்குப் பிறகு எந்தத் தெம்பில் ஊசியைக் கையில் எடுப்பாள்? அண்ணியிடம் சொல்லலாமா என்றேன். விசாரணை பண்றவங்ககிட்டயே போய்ச் சொல்லணுமா, வாயைத் திறந்தீங்கன்னா பாருங்க என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

பச்சிலை செத்ததற்கு அடுத்த வாரம் வீடு இரண்டாகப் பிரிந்தது. வாஷிங் மெஷின் படிக்கட்டுத் திருப்பத்தில் இருக்கிறது. இரண்டு வீட்டுத் துணியும் ஒன்றாகத்தான் விழும். இப்போது ஓரகத்திகள் இருவரும் தனித்தனியாகப் போட்டார்கள். அண்ணியின் வீட்டுக் காலுறை ஒன்று எங்கள் துணியோடு வந்தபோது, என் மனைவி அதை அழகாக மடித்து, என் கையில் கொடுத்து அனுப்பினாள். அண்ணி அதை வாங்கிக்கொண்டு, “சரி தம்பி” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு என் மனைவி மேலே வரவில்லை. அண்ணன் அதையே துருப்பாக எடுத்துக்கொண்டார். பார், இதனால்தான் ரெண்டாவது பிரேக் கேட்டேன், ஒரு பகடையால் ஒரு குடும்பமே பேச்சுவார்த்தை இல்லாமல் கிடக்கிறது, இனிமேல் யாரும் சாக வேண்டாம், விழுந்தால் மயங்கட்டும் என்றார். அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. மயங்கி எழுவதானால் பயம் எதற்கு, பயம் இல்லாவிட்டால் கவனம் எதற்கு, எல்லோரும் மெத்தையில் உருளலாமே என்றார். நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். சீவ வேண்டிய அளவைத் தாண்டியும் சீவிக்கொண்டிருந்தேன்.

நடுவில் தையல்காரர்தான், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, யாரையும் குறிவைக்காமல் சொன்னார்.

“எல்லாம் சரி தங்கச்சி. ஆனா அந்தப் பெட்டியில பூட்டு இருக்குன்னு நீ எப்பச் சொன்ன?”

“சொன்னேனே.”

“பித்தளைப் பட்டைன்னு சொன்ன. போன் வந்துச்சு. ஊசி வந்துச்சு. நடுவுல பூட்டு வரல.”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் வரைந்த தாளை எடுத்துப் பார்த்தேன். பெட்டி இருந்தது, பட்டைகள் இருந்தன. பூட்டை நான் போடவில்லை. சொன்னதை வரைகிறவன் நான், சொல்லாததை எப்படிப் போடுவேன். அண்ணி தன் குறிப்பைப் புரட்டினார். அதில் பட்டைக்கு அடுத்த வரியிலேயே பூட்டு இருந்தது. அந்தப் பூட்டின் துவாரத்தைச் சுற்றிப் பச்சைக் கறை என்றும் இருந்தது. எந்தச் சாவும் சொல்லாமல் வராது என்கிறவர், சொல்லவேண்டிய கறையை எழுதிவைத்துவிட்டுச் சொல்லாமல் விட்டிருக்கிறார். லிஃப்ட் போன் முடிந்து திரும்பியவர் ஒரு வரி தள்ளி உட்கார்ந்துவிட்டார்.

அவர் புத்தகத்தை மூடினார். இன்றைக்கு ஆட்டம் இல்லை என்றார். அண்ணன் ஜெயித்த மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து அதை முழுங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு மதிய ஷிஃப்ட். போனதும் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அண்ணி வேலைக்குக் கிளம்பிய உடுப்போடு, தோளில் பையோடு மேலே வந்தார். நான் தொட்டிக்குள் இருந்ததால் அவர்கள் என்னைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தாலும் அண்ணி நிறுத்தியிருக்க மாட்டார்.

“பூட்டு இருந்துச்சு,” என்றார் அண்ணி, நல்லாயிருக்கியா என்ற விசாரிப்புகூட இல்லாமல். “துவாரத்தச் சுத்திப் பச்சையா கறை இருந்துச்சு. ரெண்டையும் நான் சொல்லல. சொல்லாத பூட்ட நீ எப்படிப் பார்ப்ப? உன்மேல தப்பே இல்ல. விட்டது நான்.”

என் மனைவி ஈரப் படுக்கை விரிப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பிறகு கவிழ்த்துவைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்து, விரிப்பில் முகத்தை வைத்து அழுதாள். அண்ணி பதறிவிட்டார். விபத்துக் குழிக்குள் இறங்குகிற மனுஷி, ஒரு ஓரகத்தி அழுததும் என்ன செய்வதென்று தெரியாமல் கிளிப்புகளைப் பொறுக்கத் தொடங்கினார். பச்சிலையைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம், என்னுடைய தப்பால் நடந்தது செல்லாது, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்று அடுக்கினார்.

“பச்சிலை கிடக்கட்டும்க்கா,” என்றாள் என் மனைவி. பிறகு பெரியவரைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள்.

அண்ணி பையைத் தரையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் கேட்டது முழுக்க வேலையிடத்தில் கேட்கிற கேள்விகள். எந்தக் கட்டில், பக்கத்தில் யார், தாளை எப்போது எழுதினாய், மகள் அப்போது அங்கே இருந்தாளா. இல்லை, மகள் மாலையில்தான் வந்தாள். பிறகு கேட்டார், “கேட்டியா?”

“தெரியலக்கா. எல்லாரையும் கேப்பேன். அவரக் கேட்டது மட்டும் ஞாபகத்துல வரமாட்டேங்குது.”

“போன செவ்வாக்கிழமை பல்லு வெளக்கினது ஞாபகம் இருக்கா?”

என் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“தினம் செய்யறது ஞாபகத்துல நிக்காது. நிக்கலங்கறதால செய்யலன்னு ஆயிடாது. சரி, அந்தப் பெரியவரக் கேட்டாங்களா?”

“அவரு மூச்சுக்குழாயோட இருந்தாரு. நேத்துதான் வார்டுக்கு வந்தாரு.”

“லிஃப்ட் விழுந்தா நாங்க மொதல்ல கேக்கறது உள்ள இருந்த ஆளத்தான். அவரக் கேக்காம என்ன விசாரணை அது? உன் வாயாலயே ஒப்புக்க வெச்சு முடிக்கப் பார்க்கிறாங்க.” கையிலிருந்த கிளிப்பைக் கொடியில் மாட்டினார். “நானும் அதத்தான் பண்ணிட்டு இருந்திருக்கேன். பிஸ்கட் வேற குடுத்து.”

“கேக்கலன்னு அவரு சொல்லிட்டா?”

தொட்டிக்குள் நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

“அப்போ ஒப்புக்கோ,” என்றார் அண்ணி. “தெரிஞ்சு ஒப்புக்கிட்டா தாங்கிக்கலாம். தெரியாதத மட்டும் ஒப்புக்காத.”

அன்று மதியம் என் மனைவி அந்த வரியை எழுதவில்லை. பெரியவரைக் கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். தலைமை நர்ஸ் பெருமூச்சு விட்டாராம், இழுத்துக்கொள்கிறாயே என்றாராம். ஆனாலும் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து விசாரணைக் குழு பெரியவரின் கட்டிலுக்கே போவதாக முடிவானது.

அண்ணி அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எங்களை வார்டுக்குள் விடவில்லை. நடையில், சுவரோடு பிணைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். எதிரே லிஃப்ட். அண்ணி முதலில் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார். அப்புறம் கதவு மூடும்போது காது கொடுத்தார். அப்புறம் எழுந்து போய் உள்ளே ஒட்டியிருந்த சான்றிதழின் தேதியைப் படித்துவிட்டு வந்தார்.

“தேதி முடியலையே?” என்றேன்.

“முடியல. ஆனா இங்க ரெண்டாவது மாடியில நிக்கும்போது விரல் அளவு தாழ்ந்து நிக்குது தம்பி. ஸ்ட்ரெச்சர் தள்ளினா முட்டும்.”

யாரிடமாவது சொல்லலாமா என்றேன். இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு நம்ம பக்கமே ஒரு கேஸ் ஓடுது என்றார். அவர் தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.  

வார்டின் கதவு திறந்தது. வெள்ளை உடுப்பில் மூன்று பேர் பேசிக்கொண்டே வெளியே வந்து எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்குப் பின்னால் என் மனைவி வந்தாள். நேராக எங்களிடம் வந்து, இருவருக்கும் நடுவில் இருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எனக்குப் பசிக்குது,” என்றாள்.

இரண்டு வாரமாக அவள் சாப்பிட்டதெல்லாம் தட்டில் கோலம் போட்டதுதான். அந்தச் சொல்லிலேயே எனக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதியை அவள் அங்கேயே உட்கார்ந்து சொன்னாள்.

பெரியவர் தலையணையில் சாய்ந்துகொண்டு, கூட்டம் கூடியதில் குஷியாக இருந்தாராம். இந்த நர்ஸ் உங்களிடம் மருந்து பற்றி ஏதாவது கேட்டாரா என்று குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டாரா என்றால் என்ன அர்த்தம், ரெண்டு தடவை கேட்டார், எனக்குக் காது மந்தம் என்று நினைத்துக் கத்திக் கேட்டார், வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது, எனக்கே கூச்சமாகப் போய்விட்டது என்றாராம். அப்புறம் ஏன் இல்லை என்று சொன்னீர்கள்?

“அது மாத்திரைக்கு வந்த அலர்ஜி. இவங்க போட்டது ஊசிதானே. மாத்திரைக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்?”

மகள் அங்கேயே தலையில் கை வைத்துக்கொண்டாளாம். பிறகு நடைவரை என் மனைவியின் பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தலைமை நர்ஸ், எச்சரிக்கை கிடையாது என்று சொன்னதோடு, இனி எல்லோரும் மாத்திரையா ஊசியா என்று பிரித்துக் கேட்க வேண்டும் என்று ஒரு புது உத்தரவும் போட்டுவிட்டார்.

“கத்திக் கேட்டிருக்கேன்க்கா,” என்றாள் என் மனைவி அண்ணியிடம். “ரெண்டு தடவ கத்தியிருக்கேன். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல.” சொல்லும்போதே சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் தோள் குலுங்கியது. அண்ணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் சிரித்தார். லிஃப்ட்டிலிருந்து இறங்கியவர்கள், ஆஸ்பத்திரி நடையில் என்ன இப்படி என்று பார்த்துக்கொண்டே போனார்கள்.

கேன்டீனில் அவள் இரண்டு பேர் சாப்பிடுவதைச் சாப்பிட்டாள். அண்ணி சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல, இன்னொரு தட்டு வாங்கி வந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

அந்த ஞாயிறு மேலே நாங்கள் கூடியபோது அண்ணி முதல் காரியமாக வழக்கத்தைத் திருத்தினார். இனி யாராவது செத்தால் முதலில் விசாரிக்கப்பட வேண்டியவர் உலகத்தைச் சொல்கிறவர்தான். என்ன காட்டினாய், எப்போது காட்டினாய் என்று மற்றவர்கள் அவரைக் கேட்கலாம். அதில் அவர் தேறினால்தான் செத்தவரிடம் கேள்வி. சாவு மட்டும் இருக்கும். அதில் மாற்றம் இல்லை. அண்ணன் கையை உயர்த்தி, அப்படியே ரெண்டாவது பிரேக்கையும் என்று தொடங்கினார். அண்ணி அவரைப் பார்த்தார். கை இறங்கிவிட்டது.

என் மனைவி மேலே வரவில்லை. அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. காலையில் வாஷிங் மெஷினில் இரண்டு வீட்டுத் துணியையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் சாய்ந்துவிட்டு வருகிறேன் என்று படுத்தவள். இரண்டு வாரத் தூக்கம் பாக்கி இருந்தது. எங்கள் படுக்கையறைக்கு நேர் மேலேதான் ஆட்ட மேசை.

தையல்காரர் பகடையை உருட்டப் போனபோது அண்ணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். எழுந்து போய்க் கனமான துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நான்காக மடித்து மேசையின் நடுவில் போட்டார். இனிமேல் அதில்தான் உருட்ட வேண்டும், பேச்சும் மெதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று சைகை காட்டினார். பகடை துண்டில் விழுந்து, சத்தமே இல்லாமல், உருளாமல் ஒரே புரட்டலில் நின்றது. அது செல்லுமா, உருண்டால்தானே உருட்டல் என்று அண்ணன் ஒரு புதுச் சண்டையைத் தொடங்கினார். அதையும் கிசுகிசுப்பாகவே தொடங்கினார்.

வீரனின் சகலை ஓர் ஈரப் படியில் ஓடி, வழுக்கி, கிணற்றில் விழுந்தான். முதலில் அண்ணியை விசாரித்தோம். படி பாசி பிடித்திருக்கிறது என்று அவர் சொன்னதற்கு நாங்கள் மூன்று பேரும் சாட்சி. தையல்காரர் நெஞ்சில் கையை வைத்து, குரலே எழாமல், உதட்டை மட்டும் அசைத்து முழு வாக்குமூலமும் கொடுத்தார். அண்ணன் சிரிப்பை அடக்கச் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டார். கைதட்டலும் விரல் நுனிகளால்தான்.

அண்ணி என்னைப் பார்த்துக் கீழே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். மெதுவாக இறங்கிப் போய் எட்டிப் பார்த்தேன். ஒருக்களித்துப் படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்துவிட்டு மேலே வந்தேன். மேசையில் மூன்று தலைகளும் நிமிர்ந்தன. நான் கையை மட்டும் அசைத்தேன். அண்ணி மூச்சை விட்டு நாற்காலியில் சாய்ந்தார். தையல்காரர் அடுத்த ஆளுக்காகப் பகடையைத் துண்டின் மேல் மெல்லப் போட்டார்.